குடியேற்றப் பகுதி, நான்காம் திருத்தம்

புதிய ஊர் நிறுவ ஒரு கப்பல் வேண்டும்.
இருநூறு பேர் வேண்டும். இரண்டு பருவத்துக்குத் தானியம்.
அந்த இருநூறும் தாய்நகரின் கணக்கிலிருந்து கழிக்கப்படும்.

இதை நான் எழுதிய இரவு
லியபாயாவில் பனி மழையாக மாறிக்கொண்டிருந்தது.
மோட்ரிஸ் சமையலறை மேசைமேல் வெஸ்கரா உலகத்தை விரித்து
மூலைக்கொரு மீன் டப்பா வைத்தான்,
மூன்று காலி, ஒன்று இன்னும் திறக்காதது.

"எதற்குக் கழிப்பது?" என்றாள் விஸ்மா.
"புது ஊரில் ஆள் தானாக முளைக்கட்டுமே,
விளையாட்டுதானே."
முளைக்காது என்றேன்.
டிராம் பணிமனையில் இரவுக் கணக்கு எழுதுகிறவள் நான்.
வண்டி கடைசி நிறுத்தத்தில் நிற்கிறதென்றால்
பணிமனையில் அது இல்லை.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணிதம்.

ஆற்றோர அறுகோணம்: விளைச்சல் ஒன்றரை மடங்கு.
மலைச்சாரல்: இரும்பு உண்டு, பிள்ளைகள் தாமதமாகப் பிறப்பார்கள்.
சதுப்பு: இரு பகடையில் ஆறுக்கு மேல் விழுந்தால் ஊர் நிற்கும்,
இல்லையேல் மூழ்கும்.

சதுப்பில் ஊர் வைக்கிறவன் இல்க்வார்ஸ் ஒருவனே.
மூன்று முறை வைத்தான், மூன்றும் தண்ணீருக்குள்.
அறுநூறு பேர், என்று நான் குறித்தேன்.
அவன் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
நான்காவதற்குப் பெயர் வைத்தான்: சௌஸா.
உலர்ந்த ஊர்.

காலி அறுகோணம் என்றால் என்ன?
காய் எதுவும் நிற்காத கட்டம், என்றது முதல் பதிப்பு.
ஓரத்தில் விஸ்மாவின் பென்சில்:
"அல்லது நாம் இன்னும் சரியாகப் பார்க்காதது."
அந்த வரியை நான் அழிக்கவில்லை.
சேர்க்கவும் இல்லை.

மார்ச்சில் இல்க்வார்ஸ் அயர்லாந்து போனான்,
மோனகன் பக்கம் ஒரு காளான் பண்ணைக்கு.
ஒரு பை. "இரண்டு பருவம்தான்" என்றான்,
விதிப்புத்தகத்தைப் படித்தவன்போல.
படித்தவன்தான்.
எங்கள் தெருவில் பதினொரு வீட்டில்
நான்கில் விளக்கு எரிந்தது, அப்புறம் மூன்றில்.
ஆயிரத்துக்குக் கீழே போன நகரம்
தன்னைத் தாய்நகர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது;
மதிலைப் பராமரிக்கும் செலவு மட்டும் குறையாது.
இதுவும் என் கையெழுத்தே.

ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவன் கட்டளைகள் வரும்.
பின்னால் யாரோ போலந்து மொழியில் இருமுவது கேட்கும்.
ஒரு ஞாயிறு கட்டளை வரவில்லை, கேள்வி வந்தது:
"திரும்பி வருவதற்கு விதியே இல்லையே, கவனித்தாயா?"

கவனித்திருந்தேன்.
மூன்றாம் விதி: கப்பலை உடைத்து
அந்தப் பலகையில் முதல் வீடுகள் கட்டப்படும்.
இரக்கமில்லாமல் எழுதியதல்ல;
ஒரே கப்பலை வைத்துக்கொண்டு
மோட்ரிஸ் பாதி உலகத்தைப் பிடித்துவிடுவான் என்ற பயம்.
சமநிலைக்காக, என்றேன்.
மறுமுனையில் சற்று நேரம் ஒன்றுமில்லை.
பிறகு, "இங்கே இரவிலும் விளக்கு.
காளானுக்கு இருட்டு வேண்டுமாம், எங்களுக்கு இல்லையாம்"
என்று சிரித்தான்.

அன்றிரவே நான்காம் திருத்தம் எழுதினேன்:
விரும்பினால் கப்பலை உடைக்காமல் வைக்கலாம்.
அப்படியானால் வீடு கிடையாது.
முதல் குளிர்காலம் கப்பலிலேயே உறங்க வேண்டும்,
பகடையில் இரண்டு கழியும்.
மோட்ரிஸ் முணுமுணுத்தான்:
"இதை எந்த முட்டாள் எடுப்பான்?"

அடுத்த ஞாயிறு: "சௌஸா. சதுப்பு. இருநூறு பேர்.
உடைக்கவில்லை."

அவனுக்காக நான் உருட்டினேன்.
நான்கும் மூன்றும். ஏழு.
பழைய விதிப்படி நின்றிருக்கும் ஊர்,
நான்கு முயற்சியில் முதல் முறையாக.
இரண்டு கழித்தால் ஐந்து.
சதுப்பு எழுந்து வந்தது, வழக்கம்போல.

அறுநூறோடு இருநூறு சேர்க்கப் பேனாவைத் திறந்தேன்.
விஸ்மா என் கையைப் பிடித்தாள்.
"பொறு. அவர்கள் எங்கே உறங்குகிறார்கள்?"

மோட்ரிஸ் புத்தகத்தைப் புரட்டினான், முன்னும் பின்னும்.
மூழ்கிய ஊரின்மேல் மிதக்கிற கப்பலுக்கு
எங்களிடம் விதி இல்லை.
திறக்காத டப்பாவை எடுத்துத் திறந்தான்.
வெஸ்கராவின் வடகிழக்கு மூலை
மெல்லச் சுருண்டு எழுந்தது.

ஐந்தாம் திருத்தம், என்று எழுதி
முற்றுப்புள்ளி வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.